எந்தக் கைக்கு எந்த அரிவாள்?



தை மாதம் மீஞ்சூர் ஒன்றியத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்கும் நேரம் வந்தது. ஒருவர் மாட்டுக்கு, ஒருவர் பிள்ளையின் காலேஜ் ஃபீசுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "எனக்கு ஆயிரம் ரூபா குடுங்க" என்றார். எதுக்கு என்று ஊக்குநர் கேட்டார்.

"அருவா வாங்கணும்."

கூட்டமே சிரித்துவிட்டது. "இன்னாக்கா, யாரை வெட்டப் போற?" என்று ஒருவர் கேட்க, அந்த அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தீர்மான நோட்டில் அந்தக் கோரிக்கை ஏறவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல நாங்கள் கடன் பேரேட்டைப் பார்த்தோம். ஐந்து மாதத்துக்கு முன்னால் அதே குழு ஒரு உறுப்பினருக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறது. நோக்கம் என்ற இடத்தில் "மருத்துவச் செலவு" என்று எழுதியிருந்தது. என்ன ஆச்சு என்று விசாரித்தோம். வேலியில் சீமைக்கருவேல முள் வெட்டும்போது கொடுவாள் வழுக்கி இடது கை ஆட்காட்டி விரலில் பட்டிருக்கிறது. விரலை மடக்கும் நரம்பு அறுந்துபோய்விட்டது. இன்னும் முழுசாக மடக்க வரவில்லை. அந்தக் கொடுவாள் அவருடையதா என்றால் இல்லை, வீட்டுக்காரருடையது. பிடி ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்ததாம்.

வெட்டுப்பட்ட பிறகு எட்டாயிரம் கொடுக்கக் குழு யோசிக்கவில்லை. வெட்டுப்படாமல் இருக்க ஆயிரம் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு எங்களுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டோம். "உங்க வீட்டு அருவாளை யார் வாங்கினது?" மாமனார் வாங்கினது, வீட்டுக்காரர் பட்டறையில் அடிச்சது, நாத்தனார் வீட்டிலிருந்து கொண்டாந்தது என்று பதில் வந்தது. "நானே கையில பிடிச்சுப் பார்த்து வாங்கினேன்" என்று சொன்னவரைத் தேட வேண்டியிருந்தது. புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். தினமும் கையில் பிடிக்கிற இரும்பை மட்டும் யாரோ விட்டுப்போனதை எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் இந்த மாதப் பாடம் அரிவாள்.

முதலில் வேலையைப் பாருங்கள்

கடையில் போய் "நல்ல அருவா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதையாவது கொடுப்பார். எந்த வேலைக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். நெல் அறுக்க நல்லதாக இருப்பது முள் வெட்ட உதவாது. முள் வெட்டுகிறதை வைத்துப் புல் அறுத்தால் மணிக்கட்டு போய்விடும்.

நம் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் உண்டு. இப்போது பெரும்பாலும் மெஷின் வந்துதான் அறுக்கிறது, உண்மைதான். ஆனால் மழையில் சாய்ந்த பயிர், சேறு காயாத வயல், வண்டி திரும்ப முடியாத மூலை, வரப்பு ஓரம் எல்லாம் இன்னமும் நம் கைக்குத்தான் வருகிறது. இதற்கு ஏற்றது கருக்கரிவாள், அதாவது ரம்பம் மாதிரி பல் வைத்த கதிர் அரிவாள். தாளைச் சேர்த்துப் பிடித்து, அரிவாளைக் கொடுத்து, தன் பக்கம் இழுத்தால் போதும். ஓங்கி வீச வேண்டியதில்லை. வீச்சு இல்லாததால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதுதான் முதல் அரிவாளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். அடிக்கடி சாணை பிடிக்கவும் வேண்டாம். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் 'நவீன்' என்ற பெயரில் இப்படி ஒரு அரிவாளை வடிவமைத்திருக்கிறது. எடை கால் கிலோ அளவுதான். பிடி சற்று வளைந்திருக்கும், அதனால் அறுக்கும்போது விரல் முட்டி தரையில் உரசாது.

மாட்டுக்குக் கம்பு நேப்பியர் புல் போட்டிருக்கிறவர்களுக்குக் கருக்கரிவாள் சரிப்படாது. அந்தப் புல்லின் தண்டு முற்றினால் கரும்பு மாதிரி ஆகிவிடும். பல்லில் நார் சிக்கி இழுக்கும்போது கை தடுமாறும். பல் இல்லாத, கொஞ்சம் அகலமான, முதுகு தடித்த அரிவாள் வாங்குங்கள். அதைத் தினமும் தீட்ட வேண்டும். தீட்டச் சோம்பல்படுகிறவர்கள் புல்லை முற்ற விடாமல் அறுத்துவிடுவது நல்லது, மாட்டுக்கும் அதுதான் பிடிக்கும்.

அடுத்தது சீமைக்கருவேலம். விறகுக்கும் வேலிக்கும் கரி மூட்டத்துக்கும் இதை வெட்டாத ஊர் நம்மிடம் இல்லை. கட்டை கெட்டி, முள் கொடூரம். இதற்கு நுனி வளைந்த கொடுவாள் வேண்டும். சிலர் வெட்டுக்கத்தி என்பார்கள். அந்த வளைவு அழகுக்கு வைத்ததில்லை. வெட்டிய கிளையைக் கையால் தொடாமல் கொக்கி மாதிரி இழுத்துப்போட உதவும். வளைவு இல்லாத கத்தியில் இடது கையால்தான் கிளையைப் பிடித்தாக வேண்டும், விரல் போவது அங்கேதான். வளைவு இருந்தாலும் ஒரு கவைக்கோல் கூட வைத்துக்கொள்ளுங்கள். கிளையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்து, சாய்வாக வெட்டுங்கள். நேராகக் குறுக்கே வெட்டினால் கெட்டிக் கட்டையில் அலகு எகிறித் திரும்பும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிக்கட்டைவிடத் தடித்த கிளை என்றால் அரிவாளே வேண்டாம், கவாத்து ரம்பம் வாங்குங்கள். "ரம்பமா, அது ஆசாரி வேலையாச்சே" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். ரம்பத்துக்கு ஓங்க வேண்டாம், குறி தப்பாது, பலமும் குறைவாகப் போதும். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் வாசலுக்கு வாசல் மரம் விழுந்து கிடந்தது. அப்போது சமையல் கத்தியையும் கைக்குக் கிடைத்ததையும் எடுத்துக்கொண்டு கிளை கழிக்க இறங்கியவர்கள் உண்டு. சமையல் கத்தி காய் நறுக்கத்தான். மெல்லிய தகட்டை வைத்து மரத்தை ஓங்கி அடித்தால் முறிந்து முகத்தில் அடிக்கும்.

பழவேற்காடு, காட்டுப்பள்ளி பக்கம் மீன் அரிகிற அம்மாக்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்று. உப்புக்காற்றில் சாதா இரும்பு ஒரே இரவில் செம்பழுப்பாகிவிடும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைப்பது அவசியம். மீனுக்கு மட்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியே மேல்.

பிறகு உங்கள் கையைப் பாருங்கள்

பட்டறையில் அடித்து வைத்திருக்கும் அரிவாள் பெரும்பாலும் ஆம்பளை கையை நினைத்து அடித்தது. பிடி தடியாக இருக்கும். நமக்கு அதை இறுக்கிப் பிடிக்கவே பாதி பலம் போய்விடும், அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும், பிடி தளரும், அப்புறம் வழுக்கும். இதற்கு ஒரு சின்ன சோதனை. பிடியை வேலை செய்கிற மாதிரி பிடியுங்கள். கட்டைவிரல் நுனி நடுவிரல் நுனியைத் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பிடி உங்களுக்குத் தடி. விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று நன்றாக ஏறிவிட்டால் பிடி மெலிசு, அது கைக்குள் சுழலும்.

எடைக்கும் ஒரு சோதனை. அரிவாளைப் பிடித்துக் கையை முன்னால் நீட்டி, இருபது எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நுனி ஆடினால் அது உங்கள் எடை இல்லை, அடுத்த அளவைக் கேளுங்கள். கனமான கத்தி வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்பது பழகின கைக்குச் சரி. இளநீர் வெட்டுகிற நம் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். கனமான கத்தியை அவர் போடும்போது பார்த்தால் ஏதோ சுலபம் மாதிரி தெரியும். பல வருடப் பழக்கம் அது. கத்தியின் எடையே வெட்டும்படி விட்டுவிடுகிறார், கையால் திசை மட்டும் காட்டுகிறார். அதே கத்தியை முதல் நாள் பிடிப்பவர் அதை நிறுத்தத் தெரியாமல் முழங்காலில் போட்டுக்கொள்வார்.

உறுப்பினர்களில் இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை. கருக்கரிவாளில் பல் ஒரு பக்கமாகத்தான் வெட்டியிருக்கும், வலது கைக்காரருக்காக. அதை இடது கையில் பிடித்தால் தாளை விட்டு விலகி விலகிப் போகும். "எனக்கு அறுப்பு வராது" என்று ஒரு தங்கச்சி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையில் சுணக்கம் என்று திட்டும் வாங்கியிருக்கிறார். பட்டறையில் சொல்லி மறுபக்கம் பல் வெட்டிக் கொடுத்தபிறகு மற்றவர்களுக்குச் சமமாக வரிசை பிடிக்கிறார். கொல்லரிடம் "இடது கைக்கு" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.

இரும்பைச் சோதிப்பது

நம் பக்கத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகள் வரிசையாக இருக்கின்றன, பழைய இரும்புக் கடை தெருவுக்குத் தெரு உண்டு. இதுதான் வசதி, இதுதான் தொந்தரவும். கட்டடக் கம்பி, தகட்டுத் துண்டு என்று கிடைத்ததை அடித்து வளைத்து, பளபளவென்று தேய்த்து அரிவாள் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இரும்பு கடினப்பட வேண்டுமானால் அதில் கார்பன் என்கிற கரிச்சத்து போதுமான அளவு இருக்க வேண்டும். கட்டடக் கம்பியில் அது நூறு கிலோவுக்குக் கால் கிலோ அளவுதான். எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கூர் நிற்காது. லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த கொல்லர்கள் ஸ்பிரிங் பட்டையைத் தேடி வாங்குகிறார்கள். அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி வரைக்கும் போக வேண்டாம். நம் ஊர்ப் பட்டறையிலேயே "ஸ்பிரிங் பட்டையில அடிச்சுக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கலாம்.

வாங்கும்போது ஒரு பழைய அரத்தை எடுத்துப்போங்கள். வாய்ப்பக்கம் லேசாக உரசிப் பாருங்கள். நன்றாகத் தோய்த்த அலகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும் அல்லது மிகவும் சிரமப்பட்டுத்தான் பிடிக்கும். மெத்தென்று கடித்து இரும்புத்தூள் உதிர்ந்தால் அது பச்சை இரும்பு. அடுத்து அலகை விரலால் சுண்டுங்கள். கணீர் என்றால் சரி. மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கலாம் அல்லது பிடி சரியாக இறங்கவில்லை. வெளிச்சத்தில் வாய் ஓரமாகப் பாருங்கள், முடி மாதிரி கோடு தெரிந்தால் வேண்டாம்.

பிடியைப் பற்றி மறந்துவிடாதீர்கள், அந்த எட்டாயிரம் ரூபாய் போனது பிடியால்தான். இரும்பின் வால் மரப்பிடிக்குள் பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். பிடியின் கழுத்தில் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். நாட்டுக் கருவேலம் மாதிரி கெட்டி மரமாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் பிடி பார்க்க நன்றாக இருக்கும், வியர்வையில் வழுக்கும். ஆடுகிற பிடியைத் துணி சுற்றி ஓட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். துணி ஆட்டத்தை மறைக்கும், நிறுத்தாது.

எங்கள் அனுபவத்தில் பட்டறைக்குப் போவதற்கே பல பேர் கூச்சப்படுகிறார்கள். அங்கே எல்லாம் ஆம்பளைங்க நிற்பார்கள், "வூட்டுக்காரர அனுப்புமா" என்பார்கள் என்று. இரண்டு மூன்று பேராகப் போங்கள். பழைய நோட்டு அட்டையில் நீங்கள் விரும்புகிற வளைவையும் நீளத்தையும் வரைந்து வெட்டி எடுத்துப்போங்கள். பிடியின் தடிமனுக்கு ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். அளவோடு வருகிறவரைக் கொல்லர் மதிப்பார். தொழில் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்.

சாணை பிடிக்கிறவர் மின்சாரச் சக்கரத்தில் வைத்து அழுத்தித் தேய்க்கும்போது கூர் ஓரம் நீலமாக மாறினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் தீட்ட வேண்டும். மழுங்கின அரிவாள் ஆபத்தில்லாதது என்று நினைக்கிறோம். அதைக் கூடுதல் பலம் போட்டு அழுத்துவோம், அதனாலேயே வழுக்கும்.

வழியில் கொண்டுபோவது

மீஞ்சூரிலிருந்து பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஷேர் ஆட்டோவில் மடியில் அரிவாளை வைத்துக்கொண்டு உட்கார்கிறோம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி வாய்ப்பக்கம் மாட்டுங்கள், அதன்மேல் சாக்குத்துணி சுற்றிக் கட்டுங்கள். பைசா செலவில்லை.

போலீஸ் பிடிக்குமா என்றும் கேட்கிறார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்யப்பட்ட பொருட்களை ஆயுதம் என்ற கணக்கில் சேர்க்கவில்லை. கதிர் அரிவாள் கையில் இருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். கேட்டால் எங்கே, என்ன வேலைக்குப் போகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். ஆனால் நீளமான வீச்சரிவாளை வேலைக்கு என்று வாங்காதீர்கள். நம் வேலை எதற்கும் அது தேவையில்லை, வீட்டில் இருந்தால் கோபத்தில் யார் கைக்குப் போகும் என்று சொல்லவும் முடியாது.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடு நடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். டாக்டர் அதையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வரும். மண்ணோடு பட்ட காயம் என்றால், கடைசியாக ரணஜன்னி ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, நுனி மரத்துப்போயிருக்கிறது என்றால் தையல் மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். உள்ளே நரம்பு அறுந்திருக்கலாம். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கியது, நாட்டிலேயே பேர்பெற்றது. நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது பல பேருக்குத் தெரியவில்லை. விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேராக விரல் மேல் படக்கூடாது. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள்.

கணக்கு

2025-26-க்கு நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். வெட்டுப்பட்ட கையோடு பத்து நாள் வீட்டில் உட்கார்ந்தால் 3,360 ரூபாய் போகிறது. மருந்துச் செலவு, ஆட்டோ, கூட வருகிறவரின் கூலி எல்லாம் இதில் சேரவில்லை. அரிவாள் கடனை நாம் நுகர்வுக் கடன் என்று நினைத்துச் சிரிக்கிறோம். தையல் மெஷினுக்குக் கொடுப்பது தொழில் கடன் என்றால் இதுவும் தொழில் கடன்தான். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் பட்டறையில் சொன்னால் விலையும் பேசலாம். கவாத்து ரம்பம் மாதிரி எப்போதாவது தேவைப்படுவதைக் குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கி, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகலாம். கதிர் அரிவாள் மட்டும் பொதுவில் வேண்டாம், அவரவர் கைக்கு அவரவருடையது. திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பெண்களுக்கான கருவிகளைப் பற்றிக் கேட்டு, குழுவாகப் போய்ப் பார்த்து வரலாம்.

அந்த அக்கா விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாசி மாதக் கூட்டத்தில் ஊக்குநரே அதை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, விரல் மடங்காத அந்த உறுப்பினர்தான் முதலில் பேசினார். 700 ரூபாய் கேட்டால் போதும் என்று அக்கா குறைத்துக்கொண்டார். தீர்மான நோட்டில் "வேலைக் கருவி" என்று எழுதினார்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு:

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டு அரிவாளைச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். வட்டமாக உட்கார்ந்து நடுவில் வையுங்கள். பிடி ஆடுகிறதா, விரல் தொடுகிறதா, அரம் வழுக்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த அரிவாளால் யாருக்கு, எப்போது, எந்த விரலில் பட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். பிரதிநிதிகள் இருவரும் அதை எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.